மூன்று ஜர்னல்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜி உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன வருடம் முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 150 பேரை ரோல் நம்பர்படி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதிக்கு ஈ.சி.ஜி. பாடத்தைச் சிறு குழுக்களில் நடத்தினேன். மற்ற பாதிக்கு வழக்கமான லெக்சர். முன்தேர்வு, பின்தேர்வு, கூகுள் ஃபார்மில் கருத்துக் கேட்பு எல்லாம் எடுத்தேன். சிறு குழு மாணவர்களின் மதிப்பெண் அதிகம் கூடியது. வித்தியாசம் தற்செயல்தானா என்று பார்க்கும் புள்ளியியல் அளவான பி மதிப்பு 0.05க்குக் கீழே. பெரும்பாலோர் வகுப்பு பிடித்திருந்தது என்றார்கள். கட்டுரையாக எழுதி அனுப்பினால் மூன்று ஜர்னல்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஒன்று 'புதுமை இல்லை' என்றது. இன்னொன்று, ஆய்வில் சேரும் மனிதர்களின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் கேட்டது. 'வகுப்பு விஷயத்துக்கு அனுமதி எதற்கு' என்று துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) சொன்னதால் நான் வாங்கவில்லை. மூன்றாவது காரணமே சொல்லவில்லை. இப்போது வேறொரு ஜர்னல், பணம் கட்டினால் ஏழு நாளில் வெளியிடுவதாக மெயில் அனுப்பியிருக்கிறது. எனக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். எச்.ஓ.டி. தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். கட்டுரைக்குத் தொடர்பில்லாத இன்னொரு விஷயம்: தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் சிலர் லெக்சரில் வாயே திறக்காதவர்கள். சிறு குழுவில் தமிழில் பேசத் தொடங்கியதும் அவர்கள்தான் மற்றவர்களுக்கு விளக்கினார்கள். ஆனாலும் பின்தேர்வில் அவர்கள் மதிப்பெண் பெரிதாகக் கூடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இனி நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

'கட்டுரைக்குத் தொடர்பில்லாத' என்று சொல்லிக் கடைசியில் ஒதுக்கி வைத்தீர்களே, அந்த நாலு வரிதான் உங்களிடம் இருக்கும் நிஜமான ஆய்வு. மருத்துவக் கல்வி பற்றிய கட்டுரைகளைப் பல வருடங்களாக மதிப்பீட்டுக்குப் படித்து வருகிறேன். சிறு குழு லெக்சரைவிட மேல் என்று சொல்லும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பேச வைத்தால் அருமையாக விளக்கும் மாணவர் தேர்வில் ஏன் தடுக்கி விழுகிறார் என்று, அதுவும் தமிழ்நாட்டு வகுப்பறையிலிருந்து, கேட்டு வரும் கட்டுரை மிக அரிது. உங்களுக்குத் தெரியாமலே நல்ல கேள்வி ஒன்று கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் போகும் முன் அவசரமான ஒன்று. அந்த ஏழு நாள் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். ஏற்கெனவே கட்டுரையை அனுப்பியிருந்தால் திரும்பப் பெறுவதாக எழுத்தில் சொல்லுங்கள். பணம் கட்ட வேண்டாம். ஒழுங்கான ஜர்னலில் மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடிக்கவே ஏழு நாளுக்கு மேல் ஆகும். ஏழு நாளில் வெளியாகிறது என்றால் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை வந்துவிட்டால் அதே தரவை வேறெங்கும் வெளியிட முடியாது. கட்டுரையும் போய்விடும், பணமும் போய்விடும். பதவி உயர்வுக்கு உதவுமா என்பதும் சந்தேகம். 2015இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் பதவி உயர்வுக்கு ஏற்றுக்கொண்ட ஜர்னல் அட்டவணைகளின் பட்டியலில் இன்டெக்ஸ் கோப்பர்நிகஸும் இருந்தது. அதை நம்பிப் புற்றீசல்போல் ஜர்னல்கள் முளைத்தன. பிறகு வந்த விதிகளில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. ஆகவே இன்று நடைமுறையில் இருக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி.) அரசிதழ் அறிவிப்பை நீங்களே இறக்கிப் படியுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருக்கத்தை நம்ப வேண்டாம். ஜர்னல் தன் தளத்தில் போட்டிருக்கும் லோகோக்களையும் நம்ப வேண்டாம். ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. என்ற ஜர்னல் அட்டவணைத் தளங்களுக்கு நேராகப் போய், ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருப்பதால், அங்கிருந்து கிடைக்கும் இணைப்பு வழியாகத்தான் ஜர்னல் தளத்துக்குள் போக வேண்டும்.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி. உங்கள் எச்.ஓ.டி. சொன்னது பல கல்லூரிகளில் பரவியிருக்கும் நம்பிக்கை. ஆனால் அது சரியில்லை. பாடம் நடத்துவதற்கு அனுமதி வேண்டாம். நடத்தியதைத் தரவாக்கி வெளியிட வேண்டும் என்றால் அது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகள்படி, ஓர் ஆய்வுக்கு மதிப்பாய்விலிருந்து விலக்கு உண்டா இல்லையா என்பதையும் கமிட்டிதான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வு செய்பவரோ அவருடைய துறைத் தலைவரோ முடிவு செய்ய முடியாது. பெரும்பாலான கல்வி ஆய்வுகளுக்கு விலக்கோ விரைவு மதிப்பாய்வோ கிடைத்துவிடும். ஆனாலும் அந்த ஒரு பக்கக் கடிதம் கையில் இருந்தே ஆக வேண்டும்.

இதை வெறும் காகித வேலையாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அந்த மாணவர்களுக்கு இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவர். நீங்களே நின்று 'இஷ்டம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள்' என்று ஃபார்ம் அனுப்பினால், முதலாண்டு மாணவர் யார் 'எனக்கு இஷ்டம் இல்லை' என்பார்? மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. அதனால்தான் ஆசிரியர்–மாணவர் போன்ற மேல்–கீழ் உறவில் இருப்பவர்களைத் தனிக் கவனத்தோடு நடத்த வேண்டும் என்று நெறிகள் கேட்கின்றன. வழி எளிது. அந்த மாணவர்களுக்குத் தேர்வாளராக வராத வேறு துறை நண்பர் ஒருவர் விளக்கிச் சம்மதம் வாங்கட்டும். யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்பது இன்டர்னல் மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை உங்களுக்குத் தெரியக் கூடாது.

சரி, போன வருடம் எடுத்த தரவை என்ன செய்வது? ஆய்வு முடிந்த பிறகு அதற்கு முன்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது. யாராவது 'தேதியை மாற்றிப் போட்டுத் தருகிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள். பின்னாளில் கட்டுரையோடு உங்கள் பெயரையும் கெடுப்பது அதுதான். நடந்ததை நடந்தபடி எழுதி, ஏற்கெனவே உள்ள கல்விப் பதிவுகளை அடையாளம் நீக்கிப் பயன்படுத்தலாமா என்று கமிட்டியிடம் கேளுங்கள். சரி என்றால், கட்டுரையிலும் அதை அப்படியே சொல்ல வேண்டும். முடியாது என்றால் அந்தத் தரவு உங்கள் பாடத்தை மேம்படுத்த மட்டும் பயன்படட்டும். வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் அந்தத் தரவை விட்டுக்கொடுப்பதில் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் ஜர்னல் 'புதுமை இல்லை' என்றது நியாயம்தான். லெக்சரா, மாணவர் ஈடுபடும் வகுப்பா என்ற போட்டிக்கு முடிவு வந்து பல வருடம் ஆகிறது. ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகளில் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. மாணவர் ஈடுபடும் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சராசரியாக 6 சதவீதம் கூடியது. இதற்குப் பிறகு நம் கல்லூரியில் 150 பேரை வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், படிப்பவருக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். துறை முழுக்க இருக்கும் பழக்கம் இது. டேவிட் குக், ஜார்ஜ் போர்டாஜ், ஹென்க் ஷ்மிட் மூவரும் 2008இல் மருத்துவக் கல்விப் பரிசோதனை ஆய்வுகள் 105ஐ எடுத்து, எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை என்று பிரித்தார்கள். 'இப்படிச் செய்தோம்' என்று விவரிப்பவை 16 சதவீதம். 'இது பலன் தருகிறதா' என்று நியாயப்படுத்துபவை 72 சதவீதம். 'ஏன், எப்படிப் பலன் தருகிறது' என்று தெளிவுபடுத்துபவை வெறும் 12 சதவீதம். துறையை முன்னே நகர்த்துவது இந்தக் கடைசி வகைதான் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

மதிப்பெண் கூடியதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். சிறு குழுவுக்கு லெக்சரைவிட அதிக நேரம் கொடுத்தீர்களா? புது முறை என்ற உற்சாகத்தில் அங்கே கூடுதல் கவனம் போனதா? முன்தேர்வில் கேட்ட அதே கேள்விகள் பின்தேர்விலும் வந்தனவா? கேள்வியைப் பார்த்துவிட்ட மாணவர், வகுப்பில் அதற்கு விடை தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அது மட்டுமா, தேர்வு எழுதுவதே கற்றலைக் கூட்டும்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட அதன்மேல் தேர்வு எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்ததை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். அப்புறம் ஹாஸ்டல். ரோல் நம்பர்படி பிரித்த இரண்டு பாதியும் ஒரே அறையில்தான் தூங்குகிறார்கள். குழுவில் வரைந்த ஈ.சி.ஜி. படம் அன்று ராத்திரியே பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கும். பி மதிப்பு இதில் எதையும் உங்களுக்குச் சொல்லாது.

கருத்துக் கேட்பைப் பற்றி ஒன்று மட்டும். 'வகுப்பு ஆர்வமாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது' போன்ற வாக்கியம் உங்கள் ஃபார்மில் இருந்தால், அது இரண்டு கேள்வி. ஆர்வமாக இருந்தது, ஆனால் பயனில்லை என்று நினைப்பவர் எதை டிக் செய்வார்? கேள்வித்தாள் தயாரிக்கவே தனி முறை உண்டு. ஆர்ட்டினோவும் சகாக்களும் எழுதிய, மருத்துவக் கல்வி அமைப்பான ஏ.எம்.இ.இ.யின் கையேடு 87, ஏழு படிகளாக அதைச் சொல்கிறது. அடுத்த முறை ஃபார்ம் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இனி உங்கள் நாலு வரிக்கு வருவோம். ஒரு மாணவர் ஈ.சி.ஜி.யில் பி அலைக்குப் பின் ஏன் இடைவெளி வருகிறது என்று தமிழில் நண்பர்களுக்குப் புரிய வைக்கிறார். அதே மாணவர் ஆங்கிலக் கொள்குறித் தேர்வில் சறுக்குகிறார். இதற்கு என்னென்ன விளக்கம் இருக்க முடியும்?

தேர்வு உண்மையில் எதை அளந்தது என்பது முதல் சந்தேகம். 'பின்வருவனவற்றுள் எது தவிர மற்றவை பொருந்தும்' என்ற பாணியில் ஆங்கிலத்தில் நீளும் கேள்வி, பிசியாலஜியை அளக்கிறதா, ஆங்கில வாசிப்பை அளக்கிறதா? அளக்க நினைக்காத ஒன்று மதிப்பெண்ணைத் தள்ளுவதை அளவீட்டு இயலில் பெரிய குறையாகச் சொல்வார்கள். ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாடும் இங்கே உதவும்: ஒரு நேரத்தில் மனதில் வைத்து யோசிக்க உதவும் நம் செயல்படு நினைவு சிறியது, மொழியை அவிழ்க்கவே அதில் பாதி செலவானால் சிந்திக்க மிச்சம் கொஞ்சம்தான்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். கற்றல் என்பது ஒரு சமூகத்துக்குள் மெல்ல நுழைந்து இடம் பிடிப்பது என்று லேவும் வெங்கரும் 1991இல் எழுதினார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால், சிறு குழு அந்த மாணவருக்குத் தந்தது பாடத்தைவிடப் பெரியது: 'நானும் இங்கே பேசத் தகுதியானவன்' என்ற இடம். அது ஒரு வாரத்தில் எழுதும் பின்தேர்வில் தெரியாது. மூன்றாம் ஆண்டில் வார்டில் நோயாளியிடம் பேசும்போது தெரியலாம். இரண்டு மொழிகளையும் கலந்து யோசிப்பது கற்றலுக்கு எப்படி உதவுகிறது என்று மொழிக் கல்வித் துறையிலும் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. மருத்துவக் கல்வி ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. நீங்கள் பாருங்கள்.

நீங்கள் கவனித்ததே தவறாகவும் இருக்கலாம். இரண்டு மாணவர்கள் பிரமாதமாகப் பேசியிருப்பார்கள். அது மனதில் தங்கி, 'தமிழ் வழி மாணவர்கள்' என்று பெரிதாகியிருக்கலாம். ஆய்வு என்பதே இதைச் சோதிக்கத்தான். அப்படி இல்லை என்று தெரிய வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

கோட்பாடு எதற்கு என்று நம் ஆட்கள் பலர் கேட்பார்கள். மேலே பார்த்தீர்களே, எந்தக் கோட்பாட்டோடு போகிறீர்களோ அதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமே மாறுகிறது. அறிதல் சுமை என்றால் தேர்வுத் தாளுக்குள் போக வேண்டும். சமூகத்தில் இடம் என்றால் குழுவில் யார் எப்போது பேசினார்கள் என்பதற்குள் போக வேண்டும். கட்டுரையின் முன்னுரையில் பெயரை உதிர்த்துவிட்டு மறப்பதற்குக் கோட்பாடு தேவையில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆய்வுக்கு நான் தேர்வுத் தாள் பக்கம் போகச் சொல்வேன். வேலை அளவானது, முடிவு உங்கள் துறையின் அடுத்த இன்டர்னல் தேர்விலேயே பயன்படும்.

செய்யும் விதம் இது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலிருந்தும் சில மாணவர்களை அழைத்து, ஈ.சி.ஜி. கேள்விகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும். எந்தச் சொல்லில் நிற்கிறார், எங்கே தமிழுக்கு மாற்றிக்கொள்கிறார், விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் போன இடம் எது என்பதெல்லாம் அதில் வெளியே வரும். பிறகு அதே கருத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய கேள்வியைக் கொடுத்துப் பார்க்கலாம். இதை நீங்கள் நடத்தக் கூடாது. அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடாத ஒருவர் நடத்த வேண்டும். சமூக மருத்துவத் துறையில் நேர்காணல் பழக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். 'எத்தனை பேர் போதும்' என்று கமிட்டி கட்டாயம் கேட்கும். இந்த வகை ஆய்வில் எண்ணிக்கையைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்க மாட்டோம். கேள்வி எவ்வளவு குறுகியது, ஒவ்வொருவர் பேச்சிலும் எவ்வளவு செறிவு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வோம். மால்டெருட் 2016இல் எழுதிய கட்டுரையை இதற்கு ஆதாரமாகக் காட்டலாம். பேச்சை அலசுவதற்கு பிரவுனும் கிளார்க்கும் 2006இல் தந்த கருப்பொருள் பகுப்பாய்வு (பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தொகுக்கும் முறை) தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள். 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் இன்று எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். 150 இடம் உள்ள அரசுக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீடு போக மிச்சத்தில் கணக்குப் போட்டால் சுமார் பத்துப் பேர். கட்டுரையில் 'உள்ஒதுக்கீட்டில் வந்த மாணவி, ஒரு சிறு கிராமத்தைச் சேர்ந்தவர்' என்று எழுதினால் உங்கள் கல்லூரியில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை நீக்கியது போதாது. ஒதுக்கீட்டு விவரம் உங்கள் கேள்விக்குத் தேவையே இல்லை. பள்ளியில் படித்த மொழி மட்டும் போதும். கல்லூரியின் பெயர், வருடம், ஊர், பாலினம் இவற்றில் எது எது சேர்ந்தால் ஆள் தெரியும் என்று ஒவ்வொரு மேற்கோளையும் சோதியுங்கள். ஏற்கெனவே 'நீ கோட்டாவில் வந்தவன்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள். உங்கள் கட்டுரை அந்தப் பேச்சுக்கு இன்னொரு ஆதாரமாகிவிடக் கூடாது. குறை மாணவரிடமா, நாம் தயாரித்த கேள்வித்தாளிடமா என்பதுதான் ஆய்வு என்பதைத் தலைப்பிலேயே தெளிவாக வையுங்கள்.

மேற்கோள்களை மொழிபெயர்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகுப்பாய்வைத் தமிழிலேயே செய்யுங்கள். கட்டுரைக்குத் தேவையான மேற்கோளை மட்டும் கடைசியில் ஆங்கிலத்தில் மாற்றி, இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகக் கொடுக்க முடியுமா என்று ஜர்னலைக் கேளுங்கள்.

எழுதும்போது முன்னுரையில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். '2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் அறிமுகமானது' என்று தொடங்கி, இரண்டு பக்கம் உலகக் கல்வி வரலாறு, கடைசி வரியில் 'எனவே இந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது'. லோரலை லிங்கார்ட் 2015இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதற்கு நல்ல மருந்து. என்ன பிரச்சினை, அதில் இன்னும் தெரியாதது எது, அது தெரிந்தால் யாருக்கு என்ன லாபம் — முன்னுரையின் வேலை இந்த மூன்றோடு முடிகிறது. உங்கள் கட்டுரைக்கு எழுதிப் பார்க்கிறேன்: 'தாய்மொழி வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய குறைந்த மதிப்பெண் பாட அறிவின் குறையா, கேள்வியின் மொழி தரும் தடையா என்று பிரித்துப் பார்க்காமலே அவர்களுக்குக் கூடுதல் வகுப்பு வைக்கிறோம். தடை கேள்வியில் இருந்தால் மாற்ற வேண்டியது கேள்வியை.' இவ்வளவுதான். இதைப் படிக்கும் கேரள ஆசிரியருக்கும், இலங்கை ஆசிரியருக்கும், தென்னாப்பிரிக்க ஆசிரியருக்கும் தங்கள் வகுப்பு நினைவுக்கு வரும். இதற்கு நெருங்கியதை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அவர்கள் விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடங்குவீர்கள்.

அனுப்பும் முன் நேர்காணல் வகை ஆய்வுகளுக்கான எஸ்.ஆர்.க்யூ.ஆர். பட்டியலின் 21 அம்சங்களையும் சரிபார்த்துவிடுங்கள். நீங்கள் யார், அந்த மாணவர்களுக்கு என்ன உறவு, அது ஆய்வை எப்படிப் பாதித்திருக்கலாம் என்று எழுதச் சொல்லி அதில் ஓர் அம்சம் வரும். அதை ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்.

எங்கே அனுப்புவது? 'அட்வான்சஸ் இன் பிசியாலஜி எஜுகேஷன்' உங்கள் பாடத்துக்கென்றே இருக்கும் ஜர்னல். அமெரிக்க பிசியாலஜி சங்கம் வெளியிடுகிறது. பிசியாலஜி ஆசிரியர்களே படிப்பதால் ஈ.சி.ஜி. கேள்விகளை விரிவாகப் பேச இடம் இருக்கும். மொழி, மதிப்பீடு என்று பொதுவாக எழுதினால் 'மெடிக்கல் டீச்சர்' அல்லது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'தி ஏஷியா பசிபிக் ஸ்காலர்'. இந்தியாவில் 'நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா' மருத்துவக் கல்விக் கட்டுரைகளை வெளியிடுகிறது. 'பி.எம்.சி. மெடிக்கல் எஜுகேஷன்' நல்ல ஜர்னல்தான், ஆனால் கட்டணம் பெரிது, சம்பளத்திலிருந்து கட்டாதீர்கள். சந்தா முறையில் நடக்கும் ஜர்னல்களில், எல்லோரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கம் கேட்காதவரை பெரும்பாலும் கட்டுரை எழுதியவர் பணம் கட்ட வேண்டியதில்லை. எதற்கு அனுப்பினாலும் அதன் சமீபத்திய இதழ்களைப் படித்த பிறகு அனுப்புங்கள். காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிய அந்த மூன்றாவது ஜர்னல், அநேகமாக ஆசிரியர் மேசையிலேயே 'எங்கள் வாசகர்களுக்கு இது பொருந்தாது' என்று முடிவெடுத்திருக்கும். படிக்கக் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம்: 2025 ஜனவரியிலிருந்து 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பல ஆயிரம் ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்துவிட்டதா என்று நூலகரைக் கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய வையுங்கள். மொத்தக் கல்லூரிக்கும் உதவும்.

மதிப்பீட்டாளர் குறிப்புகள் வந்ததும் உடனே பதில் எழுதாதீர்கள். ஓரிரு நாள் வைத்திருந்து, ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே ஒட்டி, அதற்குக் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். அவர் சொல்வது தவறென்று பட்டால் மரியாதையாக, காரணத்தோடு மறுக்கலாம். மதிப்பீட்டாளர் நமக்கு மேலதிகாரி இல்லை. ஆனால் அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் பெரும்பாலும் நம் வாக்கியம்தான் காரணம், அதைத் திருத்திவிடுங்கள்.

தனியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்களுக்காக நடக்கும் ஃபெய்மர் ஃபெலோஷிப்பில், உங்கள் கல்லூரியில் நீங்கள் செய்யும் ஒரு திட்டத்தையே மையமாக வைத்து வழிகாட்டுவார்கள். வேலையை விடாமல் சேரலாம். இந்தக் கேள்வியோடு போய் விண்ணப்பியுங்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்தும் பி.சி.பி.ஆர். என்ற மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பைப் பெயருக்கு முடித்திருப்பீர்கள். அதில் ஆய்வுக் கேள்வி அமைப்பது பற்றிய பகுதியை மறுபடி பாருங்கள், இப்போது வேறு மாதிரி புரியும்.

கடைசியாக எச்.ஓ.டி. விஷயம். இதுதான் உங்களுக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது என்று கடிதத்திலேயே தெரிகிறது. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. விதிப்படி, கட்டுரையின் ஆசிரியர் என்று பெயர் போட நான்கும் வேண்டும்: ஆய்வின் திட்டமிடலிலோ தரவிலோ குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. பதவி இந்த நான்கில் இல்லை. பழைய கட்டுரைக்காக அவரிடம் போய் விதி பேசாதீர்கள். அது கைவிடப்படும் கட்டுரை, அதன்மேல் சண்டை வேண்டாம். புது ஆய்வைத் தொடங்கும்போதே போய், 'சார், கேள்வித்தாள்களை மாற்றி எழுதும் பகுதிக்கு உங்கள் அனுபவம் வேண்டும். மூலக் கேள்வியும் எளிய கேள்வியும் ஒரே கருத்தை அளக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுரையையும் நீங்கள் திருத்திக் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது, கடைசிப் பெயர் உங்களுடையது' என்று கேளுங்கள். வழிகாட்டிய மூத்தவர் பெயர் கடைசியில் வருவது மருத்துவ ஆய்வில் பரவலாக இருக்கும் வழக்கம். அது அவருக்குக் குறைவில்லை. பல வருடம் கேள்வித்தாள் தயாரித்தவர் என்றால் அவர் பங்கு நிஜமாகவே ஆய்வுக்கு வலு சேர்க்கும். ஒத்துக்கொண்டால் யார் என்ன செய்வது, பெயர் வரிசை என்ன என்று ஒரு மெயிலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் முதன்மை ஆய்வாளர் என்று உங்கள் பெயர் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னால் பெயர் வரிசையில் தகராறு வந்தால் நீங்கள் காட்டக்கூடிய முதல் ஆவணம் அதுதான்.

உங்கள் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்று நாளைக்கே அதன் உறுப்பினர் செயலரைக் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் இரண்டு பக்கத் திட்ட வரைவு எழுதிவிட முடியும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.